மிஸ் சொராய்தா கட்டிய கம்பி

எங்கள் ஊரில் டீச்சர்களை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். படிப்பு முடிந்து, கல்யாணமாகி, நமக்கே தலை நரைத்தாலும் மிஸ் மிஸ்தான். சொராய்தா எனக்கு ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் எடுத்தவர். என்னை இரண்டு தடவை ஃபெயிலாக்கியவர். அப்புறம் அவர் வீட்டுக்குக் கீழே உள்ள மலைச்சாலை வளைவிலேயே நான் வீடு கட்டிக் குடியேறினேன். எங்கள் மலையூர் அகுவா மான்சாவிலிருந்து கீழே கடலோரத்துப் பொன்சே நகரம் வரைக்கும் ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். பெயர் வீத்தோ.

மிஸ்ஸுக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ரேடியோ உண்டு. பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை, பேசுகிற ரேடியோ. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, தானே கம்பி சுற்றி, தானே ஈயம் உருக்கி, மாடியில் கோபுரம் நிறுத்தி, உலகத்தின் எந்த மூலையில் எவன் விழித்திருந்தாலும் அவனிடம் பேசுகிற பைத்தியம். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கோயிலில் இருக்கும்போது மிஸ் மாடியில் உட்கார்ந்து, தீவு முழுக்க இருக்கிற மற்ற ரேடியோப் பைத்தியங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஆஜர் எடுப்பார். புயல் வந்தால் யார் எங்கே இருப்பது, யாரிடம் பேட்டரி இருக்கிறது என்பதுதான் பேச்சு.

அந்த வருஷம் மேயர் எதிர்மலையில் சுற்றுலாக்காரர்களுக்காக ஒரு மேடை கட்டினார். அங்கே நின்று போட்டோ எடுத்தால் பள்ளத்தாக்கு முழுக்க அழகாக விழும், நட்டநடுவில் மிஸ்ஸின் கோபுரமும் விழும். கூரைக்கு மேலே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று நகராட்சியில் புதுசாக ஒரு விதி போட்டார்கள். ஊரில் கூரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

மேயர் அபெலார்தோவும் மிஸ்ஸும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கிரேனோடு ஆட்களை அனுப்பிவிட்டு அவரும் வந்து காரில் சாய்ந்து நின்றார்.

"கோவிச்சுக்காத சொராய்தா. ஊருக்கு நாலு காசு வரட்டுமே."

"கோர்ட்டுக்குப் போவேன் அபெலார்தோ."

"தாராளமா போ. அது முடியறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் கல்லறைக்குப் போயிடுவோம்."

மிஸ் கிரேனுக்குப் பக்கத்தில் போனார். கிரேன்காரனைப் பார்த்து, "தம்பி, அந்த போல்ட்ட இடது பக்கமா திருப்பு. முரட்டுத்தனமா இழுத்து வளைச்சிடாத. அத நான் திரும்ப ஏத்தணும்" என்றார். சட்டத்தை மதித்துத்தான் சொன்னார். ஆனால் சொன்ன விதத்தைக் கேட்டு, கழற்றலாமா வேண்டாமா என்று கிரேன்காரன் மேயரைத் திரும்பிப் பார்த்தான்.

கோபுரம் போனதும் மிஸ் சும்மா இருப்பார் என்று நினைத்தோம். மறுவாரமே என்னைக் கூப்பிட்டார்.

"வீத்தோ, உன் மூங்கில் ரெண்டு எடுத்துட்டு வா."

"எதுக்கு மிஸ்?"

"கூரைக்கு மேல போகக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? கீழ போகக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

பின்கட்டு அடுக்களைத் தூணிலிருந்து கொல்லையில் நிற்கிற ஈரப்பலா மரம் வரைக்கும், இரண்டு முனையிலும் மூங்கிலை முட்டுக்கொடுத்து, ஒரு செம்புக் கம்பியைக் கட்டினார். கையை உயர்த்தினால் எட்டும் உயரம். துணி காயப்போடுகிற கொடி மாதிரி. நான் சிரித்துவிட்டேன்.

"இத வெச்சு சீனாக்காரன்கிட்ட பேச முடியுமா மிஸ்?"

"முடியாது. சீனாக்காரன் எனக்கு எதுக்கு? பக்கத்து மலைக்கு அந்தாண்ட இருக்கறவன் வேணும். ஒன்பதாம் கிளாஸ்ல தூங்கினியே, இப்பவாவது கேளு. தோட்டத்துல ஹோஸ் பைப்ப நேரா முன்னால பீச்சினா என்ன ஆகும்?"

"தண்ணி தூரமா போகும். சுவர் இருந்தா சுவர்ல அடிக்கும்."

"நேரா வானத்தப் பாத்துப் பீச்சினா?"

"என் தலையிலயே விழும்."

"உன் தலையிலயும் விழும், சுத்தி இருக்கற எல்லார் தலையிலயும் விழும். சுவர் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கம்பியத் தாழ்த்திக் கட்டினா பேச்சு மேல போய், வானத்துல பட்டு, மழை மாதிரி சுத்திலும் எறங்கும். நம்ம மலையெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டே இல்ல."

சரியாக எந்த உயரம் என்று கண்டுபிடிக்க இரண்டு மாதம் என் உயிரை வாங்கினார். மூங்கிலை ஒரு சாண் ஏற்று, ஒரு சாண் இறக்கு. ஏற்றினதும் உள்ளே போய் யாரையாவது கூப்பிட்டு, இப்போது எப்படிக் கேட்கிறது என்று விசாரிப்பார். ஒருநாள் அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் கம்பி முனையைத் தொட்டுவிட்டேன். விரல் நுனி வெந்துபோயிற்று. "மிஸ்! கடிக்குது!" என்று அலறினேன். "அப்போ நல்லா வேலை செய்யுது" என்றார்.

மேயரின் ஆள் ஒருவன் வந்து கம்பியைப் பார்த்தான். மிஸ் அவன் கண் முன்னாலேயே பக்கத்துக் கொடியில் ஒரு போர்வையை உதறிப் போட்டார். "துணி காயப்போடறதுக்கும் விதி போட்டாச்சா?" என்று கேட்டார். அவன் போய்விட்டான்.

செப்டம்பரில் புயல் வந்தது.

அதைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு மனசில்லை. நானும் நில்சாவும், நில்சா என் பெஞ்சாதி, குளியலறையில் கதவை முதுகால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காற்று நின்றதும் வெளியே வந்தால், மலையில் ஓர் இலை இல்லை. எப்போதும் பச்சையாக இருந்த இடமெல்லாம் தீப்பிடித்து அணைந்த மாதிரி பழுப்பு. பாலம் இல்லை. உச்சியில் நின்ற செல்போன் கோபுரம் மடங்கி ஓடையில் கிடந்தது. எங்கள் ஊர் இருப்பதோ இல்லாததோ வெளியில் யாருக்கும் தெரியாது.

மிஸ்ஸின் வீட்டுக்குக் கூரைத் தகடு பாதிக்கு மேல் போய்விட்டது. மிஸ் சேற்றில் மண்டியிட்டு, விழுந்த ஈரப்பலா மரத்துக்கு அடியிலிருந்து கம்பியை உருவிக்கொண்டிருந்தார்.

"வேன் பேட்டரிய கழட்டிட்டு வா வீத்தோ."

"மிஸ், வீட்டப் பாருங்க முதல்ல."

"வீடு எங்கயும் போகல. பேட்டரி."

ரேடியோவை அவர் பிளாஸ்டிக்கில் சுற்றி வாஷிங் மெஷினுக்குள் வைத்திருந்தார். ஒரு துளி ஈரமில்லை. கட்ட மரம் இல்லாததால் கம்பி கட்டிய மூங்கிலை ஒருபக்கம் நானும் ஒருபக்கம் நில்சாவும் பிடித்துக்கொண்டு நின்றோம். மிஸ் குடைக்குக் கீழே உட்கார்ந்து கூப்பிட ஆரம்பித்தார். இரைச்சல். மறுபடி கூப்பிட்டார். இரைச்சல். என் தோள் விட்டுப்போயிற்று. "ஒரு சாண் எறக்குங்க" என்றார். இறக்கினோம். அப்போது ஒரு கிழட்டுக் குரல், பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி, தெளிவாக வந்தது.

"கேக்குது அம்மா. நல்லா கேக்குது. லா ரொமானாவிலேர்ந்து எலிஹியோ பேசறேன். நீங்க எந்த ஊரு? உயிரோட இருக்கீங்களா? ஓவர்."

கடலுக்கு அந்தப் பக்கம், தோமினிக்கன் குடியரசில். நில்சா மூங்கிலைப் பிடித்தபடியே அழுதாள். மிஸ் அழவில்லை. ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். பாலம் இல்லை, சாலை இல்லை என்றார். எலிஹியோ அங்கிருந்து தொலைபேசியில் எங்கள் தலைநகரத்துக்குச் சொல்லுகிறேன் என்றார்.

மதியத்துக்குள் விஷயம் பரவி, ஆட்கள் சேற்றில் நடந்து வந்து குவிந்தார்கள். எல்லோருக்கும் நியூயார்க்கிலோ ஓர்லாண்டோவிலோ பிள்ளைகள். மிஸ் வகுப்பறைக் குரலில் சொன்னார்: "பேரு, நம்பர், உயிரோட இருக்கேன். அவ்வளவுதான். கதை பேசக் கூடாது. உயிருக்கு ஆபத்துன்னா வரிசையே வேண்டாம், நேரா முன்னால வரணும்." ஒரு தாத்தா தன் முறை வந்ததும் பேஸ்பால் ஆட்டம் என்ன ஆச்சு என்று கேட்கச் சொன்னார். "வரிசைக்குக் கடைசில போங்க" என்றார் மிஸ். ஆனால் சாயங்காலம் எலிஹியோவிடம் கேட்டுச் சொன்னார்.

நேராக முன்னால் வந்தவர்கள் கொண்டுவந்த செய்திதான் கொடுமை. புயலுக்கு ஒதுங்க விளையாட்டு அரங்கத்தை முகாமாக்கியிருந்தார்கள். மேயர் அதே வருஷம் தன் மச்சானுக்கு கான்ட்ராக்ட் கொடுத்துப் புதுக்கூரை போட்ட அரங்கம். அந்தக் கூரை முதலில் பறந்துவிட்டது. சிறுநீரகக் கோளாறுக்காரர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், எல்லோரும் மழையில் கிடந்தார்கள். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். மலையின் பின்புறம் கெப்ராதா சேக்கா என்ற குடியிருப்பில் மண் சரிந்து வீடுகள் உள்ளே போய்விட்டன. கையால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மிஸ் அத்தனையையும் அப்படியே சொன்னார். அரங்கத்துக் கூரை பறந்தது, இன்சுலின் வேண்டும், பேஸ்பால் மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கலாம். இறந்தவர்களின் பெயரையும் சொன்னார்.

"பேரெல்லாம் எதுக்கு மிஸ்?" என்று கேட்டேன். "எத்தன பேருன்னு சொன்னா போதாதா?"

"எண்ணிக்கைய எவன் வேணும்னாலும் குறைப்பான் வீத்தோ. பேர எப்படிக் குறைப்பான்?"

மறுநாள் காலை மேயர் வந்தார். கால்சட்டை முட்டிவரை சேறு. கூட சார்ஜென்ட் மெலெந்தெஸும் இன்னொரு போலீசும்.

"சொராய்தா, நேத்து என்னென்ன சொன்ன?"

"நடந்தத சொன்னேன்."

"இனிமே எதுவா இருந்தாலும் என்னக் கேட்டுட்டுத்தான் போகணும். அரங்கம் பத்திரமா இருக்கு, நிலைமை கட்டுக்குள்ள இருக்குன்னு சொல்லு. வெளியூர்ல இருக்கற பிள்ளைங்க பயந்து சாவறாங்க."

"கூரை ஓடையில கெடக்கு அபெலார்தோ. போய்ப் பாத்தியா?"

"நான் இந்த ஊர் மேயர்!"

"இந்த லைசென்ஸ நீ குடுக்கல."

மேயர் சார்ஜென்டைத் திரும்பிப் பார்த்து, "அந்தப் பெட்டிய எடு" என்றார். வரிசையில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். சார்ஜென்ட் அசையவில்லை. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார்.

மிஸ் எழுந்து நின்றார். மைக்கை அழுத்தி, "எலிஹியோ, எங்க மேயர் இங்க இருக்கார். உங்ககிட்ட பேசணுமாம்" என்றார். மைக்கை நீட்டினார்.

"நான் சொன்னது பொய்ன்னா நீயே சொல்லு. உன் பேரச் சொல்லி, உன் குரல்ல சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்."

மேயர் வாங்கிக்கொண்டார். வேறு வழியில்லை, அத்தனை பேர் பார்க்கிறார்கள். தொண்டையைச் செருமினார்.

"அகுவா மான்சா மேயர் பேசறேன். இங்க... இங்க நிலைமை கட்டுக்குள்ள இருக்கு. முகாம் நல்லா நடக்குது. நேத்து சொன்னதுல கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கு."

பிறகு எலிஹியோ மரியாதையாகக் கேட்டார்.

"சரிங்க ஐயா. அப்போ உங்களுக்குன்னு கெளம்பற ஹெலிகாப்டர வேற ஊருக்குத் திருப்பச் சொல்லட்டுமா? ஓவர்."

மேயர் மைக்கை வாயிலிருந்து இறக்கினார். வரிசையில் யாரோ, "சொல்லுடா!" என்றார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. மைக் அவர் கையிலேயே தொங்கியது.

சார்ஜென்ட் மெலெந்தெஸ் முன்னால் வந்து, மெதுவாக, ஒரு குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி அந்த மைக்கை வாங்கினார். "எத அழுத்தணும் மிஸ்?" என்று கேட்டார். மிஸ் காட்டினார்.

"நான் சார்ஜென்ட் மெலெந்தெஸ். ஹெலிகாப்டர் இங்கதான் வரணும். எங்கம்மா அந்த அரங்கத்துல இருக்காங்க. ரத்தம் சுத்திகரிச்சு நாலு நாள் ஆச்சு. கூரை இல்ல. மிஸ் சொன்னது ஒவ்வொண்ணும் உண்மை."

"நீ யாருக்கு வேலை பாக்கற?" என்றார் மேயர்.

சார்ஜென்ட் நில்சாவிடம் போய், "நீ உக்காரும்மா, நான் பிடிக்கறேன்" என்று மூங்கிலை வாங்கிக்கொண்டார். மேயர் இரண்டாவது முறை பெட்டியை எடுக்கச் சொன்னபோது, "ரெண்டு கையும் வேலையா இருக்கு ஐயா" என்றார். சின்னப் போலீஸ்காரனைப் பார்த்தார் மேயர். அவன் விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேயர் சேற்றில் திரும்பி நடந்தார். "இது இதோட முடியல சொராய்தா."

"ஆமா, முடியல. சாயங்காலம் வா, இன்னும் பேர் இருக்கும்."

ஹெலிகாப்டர் அன்று மதியமே வந்தது. இன்சுலினும் ஐஸும் வந்தன, நோயாளிகள் போனார்கள். சார்ஜென்டின் அம்மா பிழைத்துக்கொண்டார். எல்லோரும் பிழைக்கவில்லை. ரொட்டிக்கடை ரமோனா மைதானத்துக்குத் தூக்கிப் போகும் வழியிலேயே போய்விட்டாள். கெப்ராதா சேக்காவில் ஒரு பெண் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். அவள் வீட்டில் மற்ற எல்லோரும் மண்ணுக்குள். மிஸ் அவர்கள் பெயரைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாக நடுவில் நிறுத்தினார். எலிஹியோ அந்தப் பக்கம் காத்திருந்தார். "அவசரமில்ல அம்மா" என்றார்.

சாலை திறந்து, மின்சாரம் வந்து, பிறகு மேயர் ஒரு விழா வைத்தார். புயல் வீரர்களுக்குப் பாராட்டு. முதலில் அவருக்கே ஒரு மாலை, பிறகு மின்சாரக் கம்பெனி ஆட்களுக்கு, பிறகு மிஸ்ஸுக்குக் கண்ணாடியில் செய்த ஒரு கேடயம். புயலில் ஊரில் ஒரே ஒருவர்தான் இறந்தார், அதுவும் மாரடைப்பு என்பது நகராட்சிக் கணக்கு. சார்ஜென்டை அதற்குள் கடலோரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் லீவு போட்டுவிட்டு வந்து கடைசி வரிசையில் நின்றிருந்தார்.

மிஸ் போக மாட்டார் என்று நினைத்தேன். நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு போனார். கேடயத்தை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு மைக் முன்னால் நின்றார்.

"நன்றி சொல்ல வரல. இறந்தது ஒருத்தர்னு கணக்கு காட்டியிருக்கீங்க. மத்தவங்க யாருன்னு சொல்றேன்" என்று ஆரம்பித்தார். "ரமோனா."

இரண்டாவது பெயருக்குள் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். மிஸ் நிறுத்தவில்லை. முப்பது வருஷம் எங்களை மாதிரி தடியர்களை அடக்கிய தொண்டை. ஆனால் சதுக்கம் பெரிது, பின்னால் கேட்கவில்லை. முன்னால் நின்றவர்கள் ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னார்கள், அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் அதை வாங்கிப் பின்னால் சொன்னார்கள். பெயர் கூட்டத்தின் கடைசி வரைக்கும் போய்ச் சேரும்வரை மிஸ் காத்திருந்து, அப்புறம்தான் அடுத்ததைச் சொன்னார். மேயர் தன் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவும் முடியவில்லை.

அந்தக் கணக்கைத் திருத்தச் சொல்லி, இறந்தவர்களின் குடும்பங்கள் வழக்குப் போட்டன. நகராட்சி வக்கீல், எல்லாம் பிற்பாடு ஜோடித்த பெயர்கள் என்றார். அதற்குப் பதில் சொல்ல லா ரொமானாவிலிருந்து எலிஹியோ கப்பல் ஏறி வந்தார். அந்தக் குரலுக்கு ஆறடி ஆள் இருப்பார் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குத்தான் வந்தார், காதில் மிஷின் வேறு. நீதிபதி, "இந்த அம்மாவ உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"மூஞ்சி தெரியாது, இப்பத்தான் பாக்கறேன். குரல் தெரியும். புயலுக்கு அடுத்தடுத்த நாள்லயே அந்தப் பேரெல்லாம் என் காதுல விழுந்துச்சு. ஒவ்வொண்ணயும் ரெண்டு தடவ கேட்டுக்கிட்டேன்."

அந்தச் சாட்சியை நீதிபதி ஏற்றுக்கொண்டார். பெயர்கள் அரசாங்கக் கணக்கில் ஏறின. குடும்பங்களுக்கு உதவியும் கிடைத்தது. மேயர் அடுத்த தேர்தலிலும் ஜெயித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். ரொம்பக் கொஞ்ச ஓட்டில். மச்சானுக்கு மட்டும் அதன்பிறகு ஒரு கான்ட்ராக்டும் போகவில்லை.

தீர்ப்பு வந்த அன்று மிஸ் வீட்டில் எங்களுக்கெல்லாம் சாப்பாடு. துவரை போட்ட சோறும் பன்றிக்கறியும். நில்சா லைசென்ஸ் பரீட்சை எழுதி முதல் தடவையிலேயே பாஸாகியிருந்தாள். நான் எழுதி ஃபெயிலாகியிருந்தேன். இந்தத் தடவை மிஸ்ஸின் கையில் எதுவும் இல்லை, ஆனாலும் அவரைத்தான் குறை சொன்னேன். எலிஹியோ சாப்பிட்டு முடித்ததும் கொல்லைக்குப் போய், மிஸ்ஸின் கம்பியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இன்னும் ஒரு சாண் எறக்கலாம்மா."

"எறக்கக் கூடாது. எறக்கிப் பாத்தாச்சு. அதான் சரி."

"எங்க ஊர்ல நான்..."

"உங்க ஊர்ல நீங்க எறக்கிக்கோங்க" என்றார் மிஸ்.